சூதாட்டமும் பெண்மக்களும்

(புதுவாயலில் கூடிய கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



சூதாட்டத்தைப் பற்றிப் பேசும்படி இங்குள்ள தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். சூதாட்டம் கெடுதி என்று சொல்லுவதற்கு ஒரு கூட்டமும், ஒலிபெருக்கியும், அதற்கு நாமும் வேண்டியதில்லை. ஆடித் தோற்றவன் நம்மைவிட நன்றாய்ச் சொல்லுவான். ஆகையால் அந்தப் பழைய பல்லவியை விட்டுவிட்டு, சீட்டாட்டத்திற்கும் பெண்மக்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி மாத்திரம் நமக்குத் தோன்றியதைச் சொல்லுகின்றோம். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இதைக் கேட்டவுடன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "ஆடுகிறவன் ஆண்பிள்ளை, இதில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று சிரிக்கிறார். வாஸ்தவம். ஆடுகிறவன் ஆண்பிள்ளைதான். வைத்து ஆடுகின்ற பொருள் யாருடையது என்பதுதான் நம்முடைய கேள்வி.

இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதை அம்மனுக்குப் பாரதம் படிப்பதும், விடிய விடியக் கூத்து நடத்துவதும் உங்களுக்குத் தெரியும். பகடை துகில் கூத்தன்று நம் தாய்மார்கள் பாயைப் போட்டுக் கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விடுவதையும் பார்த்திருக்கிறோம். அந்தக் கதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். தருமன் நாட்டை வைத்தான், தம்பிமார்களை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பெண்டாட்டியை வைத்தான். சபைக்கு இழுத்து வரப்பட்ட அந்த அம்மாள் என்ன கேட்டாள்? "அவர் தம்மைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, அதற்கு முன்பே வைத்தாரா?" என்று கேட்டாள். பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்று சொல்லி நழுவிக் கொண்டார். விகர்ணன் ஒருவன் எழுந்து அவளுக்காகப் பேசினான். அவன் சொன்ன காரணம் என்ன? அவள் ஐந்து பேருக்கும் பொதுவானவள், தருமனோ முன்னமே தன்னைத் தோற்றவன், ஆகையால் வைத்தது செல்லாது என்பதாகும்.

தோழர்களே! இந்த வாதத்தின்படி தருமன் தன்னைத் தோற்காமல் இருந்திருந்தால்? ஒரே புருஷனுடைய பெண்டாட்டியாய் அவள் இருந்திருந்தால்? அப்போது வைத்தது நியாயமாய்ப் போய்விடுமல்லவா? அத்தனை பெரியவர்கள் கூடியிருந்த சபையில், அவள் வைக்கத்தக்க பொருளே அல்ல என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. கேள்வி கேட்டவளும் புருஷனுடைய உரிமையை ஒப்புக் கொண்டு, வரிசையில் மாத்திரம் பிசகு கண்டுபிடித்தாள். அப்படிப்பட்ட கதையைப் பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிற தாய்மார்கள், மறுநாள் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போகும்போது வாயைத் திறப்பார்களா?

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 1929-ம் வருஷத்தில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது சிரித்தவர்கள் அநேகர். அப்போது இந்தப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லாதான். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 14-வது பிரிவு, இந்துப் பெண்ணின் கையிலுள்ள சொத்து அவளுக்கே முழுச் சொத்து என்று சொல்லிற்று. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும் மகளுக்குப் பிதிரார்ஜிதத்தில் மகனைப் போலவே பங்கு வந்தது. பெண்டாட்டியின் சீதன நகையைப் புருஷன் கையாடினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இத்தனையும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அடகுக் கடைக்காரன் நகையைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, நிறுத்துப் பார்க்கிறானேயொழிய, "இது யாருடைய நகை? அந்த அம்மாளைக் கேட்டீரா?" என்று கேட்டதை நாம் கண்டதில்லை.

இப்போது அடகுக் கடைக்குப் போகிற சிரமமும் இல்லாமல் போய்விட்டது. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில்தான் விழுந்தது. அந்தக் கணக்கின் அட்டையும் ரகசிய எண்ணும் யார் சட்டைப் பையில் இருக்கின்றன? குழுக் கடன் என்றும், வாராந்தரக் கடன் என்றும் பெண்களை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். கையெழுத்து அவளுடையது. பணம் மாத்திரம் புருஷனுடைய கைபேசிக்குள் போய் ரம்மியாகவும் போக்கராகவும் கரைந்து விடுகிறது. தவணைக்காரன் வந்து வாசலில் நிற்கும்போது புருஷன் ஷிப்டுக்குப் போயிருப்பான். பதில் சொல்லுகிறவள் அவள். தருமனாவது சபையில் எல்லார் முன்னிலையிலும் பெண்டாட்டியை வைத்தான். இவனோ அவள் தூங்கும்போது வைத்து விடுகிறான்.

நம் பாஷையிலுள்ள ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறோம். ஆண்பிள்ளை ஆடுவதும் சீட்டு, பெண்பிள்ளை பிடிப்பதும் சீட்டு. இருபது பேரைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தி, யார் எத்தனை தள்ளி எடுத்தார்கள், கழிவு ஆளுக்கு எவ்வளவு, எவள் எந்த மாதம் தவறுவாள் என்பதையெல்லாம் காகிதமில்லாமல் மனதிலேயே வைத்திருக்கிற அம்மாளைப் பார்த்து, "உனக்கென்ன கணக்குத் தெரியும்?" என்று கேட்கிறான், நேற்றிரவு மூவாயிரம் தோற்ற புருஷன்!

அவனுடைய கணக்கைப் பார்ப்போம். ஐம்பத்திரண்டு சீட்டில் ஐந்து சீட்டு சேரக்கூடிய வகை 25,98,960. இதில் எல்லாவற்றிற்கும் மேலான கைகள் நாலே நாலு. அதாவது ஆறரை லட்சத்துக்கு ஒன்று. இதற்கு ஜாதகமும் தாயத்தும் பார்த்து என்ன பிரயோஜனம்? அதிருஷ்டம் வந்தாலும் மேஜைக்காரன் விடுவதில்லை. ஒன்பது பேர் ஆளுக்கு ஆயிரம் கொண்டு வந்தால் ஒன்பதாயிரம். ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் சேருவதாகவும், அதில் நூற்றுக்கு ஐந்து மேஜைக்காரன் கழித்துக் கொள்ளுவதாகவும் வைத்துக் கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஐம்பது, மணிக்கு முப்பது ஆட்டமானால் ஆயிரத்தைந்நூறு, ஆறு மணி நேரத்தில் அவன் பெட்டியில் ஒன்பதாயிரம்! ஒன்பது பேரும் மாறி மாறி ஜெயித்ததாக நினைத்துக் கொண்டே, கொண்டு வந்த அவ்வளவையும் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி ஏலச்சீட்டு எந்தப் பெண்ணாவது நடத்தினால் தெருவில் விடுவார்களா?

"அது திறமை ஆட்டம்" என்று கம்பெனிக்காரர்கள் வாதாடினார்கள். ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்ததென்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2022-ம் வருஷத்துச் சட்டத்தில் நம் சர்க்கார் ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லித் தடுத்தபோது, 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு சட்டத்தை வைத்துக் கொண்டு அவ்விரண்டு பெயர்களின் மீதிருந்த தடையை மாத்திரம் எடுத்துவிட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, திறமையானாலும் சரி, அதிருஷ்டமானாலும் சரி, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டமே கூடாதென்று சட்டம் செய்தது. வேடிக்கை என்னவென்றால், 2018-ல் பல துறைகளிலும் முதல் சாதனை செய்த பெண்களுக்கு மத்திய சர்க்கார் கொடுத்த பரிசு, போக்கரைத் தொழிலாகக் கொண்ட முஸ்கான் சேத்தி என்னும் அம்மாளுக்கும் கிடைத்தது. எட்டு வருஷத்திற்குள் அதே மத்திய சர்க்கார் இணையத்தில் அந்த ஆட்டத்தையே தடுத்துவிட்டது.

இருக்கட்டும். திறமை ஆட்டமென்றால் பெண்களை ஏன் அண்ட விடவில்லை? நம் ஊர் மனமகிழ் மன்றங்களில் சீட்டு மேஜையில் எத்தனை பெண்களைக் கண்டிருக்கிறீர்கள்? அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பட்டணத்தில் 1970 முதல் உலகப் போக்கர் பந்தயம் நடக்கிறது. அதன் பெரிய ஆட்டத்தில் இன்றைக்கும் பெண்கள் நூற்றுக்குச் சுமார் நாலைந்து பேர்தான். பார்பரா என்ரைட் என்னும் அம்மாள் 1995-ல் அதன் கடைசி மேஜை வரை வந்து ஐந்தாவதாக நின்றார். பெண்களுக்கென்று 1977 முதல் தனி ஆட்டம் வைத்தார்கள். அதிலும் ஆண்கள் புகுந்து ஆட வந்தார்கள். சட்டப்படி தடுக்க முடியாமல், நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் டாலர் என்று 2013-ல் வைத்துவிட்டு, பெண்களுக்கு மாத்திரம் ஒன்பதாயிரம் தள்ளுபடி கொடுத்தார்கள்! கோடீசுவர தேசத்திலும் ஆண்பிள்ளையின் யோக்கியதை இதுதான்.

இதனால் பெண்கள் எல்லாரும் சீட்டாட வேண்டுமென்று நாம் சொல்லுவதாகக் கிளப்பி விடாதீர்கள். பெண்ணுக்குப் புத்தி போதாதென்பதும் பொய், சூதாடுவது ஆண்பிள்ளையின் சுபாவம் என்பதும் பொய் என்றுதான் சொல்லுகிறோம். பல்லாங்குழியிலும் தாயத்திலும் பெண்களுக்கு இருக்கிற சாமர்த்தியத்தை யார் மறுக்க முடியும்? அவர்கள் கையில் பணம் இல்லை. ஆகையால் பந்தயமும் இல்லை. கைபேசியும் கொஞ்சம் பணமும் வந்தவுடன் பெண்களிலும் சிலர் ஆடித் தோற்கத்தான் செய்தார்கள். 2022-ம் வருஷத்தில் சென்னைக்கு வடக்கே ஒரு இளம் தாய் ரம்மியில் நகையும் பணமும் இழந்து உயிரையே விட்டுவிட்டாள். ஆண் தோற்றால் "பாவம், கெட்ட சகவாசம்" என்கிறவர்கள், பெண் தோற்றால் "குடும்பப் பெண் செய்கிற வேலையா இது?" என்கிறார்கள். அவன் கடனைச் சொல்லி அழ அம்மா இருக்கிறாள், பெண்டாட்டி இருக்கிறாள், டீக்கடைச் சிநேகிதன் இருக்கிறான். அவள் யாரிடம் சொல்லுவாள்? சொன்னால் வீட்டில் இடமில்லை என்று பயந்து மறைக்கிறாள். மறைப்பதற்காக மேலும் கடன் வாங்குகிறாள். அவளைக் கொன்றது சீட்டு மாத்திரந்தானா என்று கேட்கிறோம்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். உங்கள் பெயரிலுள்ள அட்டையை இன்றிரவே கேட்டு வாங்குங்கள். ரகசிய எண்ணை நாளைக்கே மாற்றுங்கள். அட்டையைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தோற்றுவிட்டாளென்று தெரிந்தால், புத்தி சொல்லுவதற்கு முன் ஒரு வாய் சோறு போட்டுக் கடன் எவ்வளவென்று கேளுங்கள். ஆண் தோழர்களுக்கும் சில வார்த்தைகள் வைத்திருந்தோம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு இரவு ஷிப்டு போகிறவர்களை ஏற்றிக்கொள்ள வேன் வந்து ரோட்டில் நிற்பதாகத் தலைவர் சீட்டெழுதிக் கொடுக்கிறார். இந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டு இவ்வளவோடு நிறுத்திக் கொள்ளுகிறோம்.