ஒரே பயணம், வேறு வேறு சொல்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வெளிநாட்டு வேலைக்குப் படிவம் நிரப்பும்போது நம்ம ஆட்கள் சில இங்கிலீஷ் சொற்களில் தடுமாறுறாங்க. இடம்விட்டு இடம் பெயர்வது எல்லாமே 'மைக்ரேட்'. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போய்த் திரும்புகிறவரும் மைக்ரன்ட்தான். சொந்த நாட்டை விட்டுப் போய் வேறு நாட்டில் குடியேறுவது 'எமிக்ரேட்'. வேறு நாட்டிலிருந்து உள்ளே வந்து குடியேறுவது 'இமிக்ரேட்'. பாஸ்போர்ட் கந்தோரின் பெயரைப் பாருங்க: குடிவரவு, குடியகல்வு. வரவு இமிக்ரேஷன், அகல்வு எமிக்ரேஷன். இப்படி ஞாபகம் வச்சுக்கலாம்.

நம்ம பாட்டன் பூட்டன் ராமநாதபுரக் கரையில் தோணி ஏறினபோது குடியகன்றவர். மன்னார்க் கரையில் இறங்கினபோது குடிவந்தவர். ஆள் ஒருத்தர்தான், கரைதான் வேறு.

இன்னொரு சொல் 'ரிபேட்ரியேட்'. சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று அர்த்தம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இந்தச் சொல்லைத்தான் எழுதினார்கள். அதில் எத்தனையோ பேர் இங்கே லயத்தில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்த மண்ணை விட்டுப் போனதற்கு 'திரும்புதல்' என்று பெயர்! இங்கேயே இருந்து நாடற்றவர்களாய் எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது.

ஒரு சொல் ஒரு குடும்பத்தையே கப்பலேற்றும். ஆகவே யார் நீட்டினாலும், வாசித்து அர்த்தம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீங்க. பிள்ளைகளிடம் கேளுங்க, என்னிடமும் கேளுங்க. கேட்பதில் வெட்கமில்லை.