ஏரிக்கரைச் சாலையில் ஒற்றை வண்டி



தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கங்களில் பைக் இல்லாத வீடு குறைவு. வேலைக்கும் பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் வாரம் முழுக்க ஓடுகிற அந்த வண்டியை ஞாயிற்றுக்கிழமை விடியலில் எடுத்து, பின்னால் யாரையும் ஏற்றாமல், கிராமத்துச் சாலைகளில் பகல் பூராவும் சுற்றிவிட்டு இருட்டும் வேளையில் வீடு திரும்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பொழுது போகாமல் பெட்ரோலை எரிக்கிறார்கள் என்று வீட்டிலேயே பேச்சு வாங்குவார்கள். அது கலை என்று சொல்லும் கட்சி நான்.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள் ஏரிகளால் ஆன நிலம். வற்றாத ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த போகம். அதனால் ஊர் என்றால் முதலில் ஏரி, அதற்குக் கீழே வயல், பக்கத்தில் குடியிருப்பு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற பழைய பாதை பல இடங்களில் ஏரிக்கரை மேலேயே போயிற்று. தார் போட்ட பிறகும் அப்படியேதான் போகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. காரில் போகிறவருக்கு இந்த அமைப்பு பிடிபடாது. பைக்கில் போகிறவருக்கு உடம்பே சொல்லிவிடும். வறண்ட மேட்டு நிலத்தில் முகத்தில் அடிக்கிற அனல், ஆயக்கட்டு வயல்களுக்குள் சாலை இறங்கியதும் சட்டென்று தணியும். சேற்று மணம் ஹெல்மெட்டுக்குள் வரும். ஏரி கண்ணில் படுமுன்பே தோலுக்குத் தெரிந்துவிடும். இந்த நாட்டைப் படிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது.

உதாரணத்துக்கு ஒரு சுற்று சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம், ஒரகடம், வாலாஜாபாத், பழையசீவரம், திருமுக்கூடல், உத்திரமேரூர், வேடந்தாங்கல், படாளம், திரும்பவும் தாம்பரம். 150 கிலோமீட்டரைத் தாண்டும். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரக் கணக்கு. இங்கே ஒரு பகல் முழுக்க வேண்டும், அதுவும் போதாது என்று தோன்றும்.

முடிச்சூரைத் தாண்டும்போதே பாடம் ஆரம்பித்துவிடுகிறது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் பாதிதான் புரியும். மணிமங்கலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கலங்கலில் வழிகிற நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் மீதியும் புரியும். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் ஒன்றுசேர்ந்துதான் அடையாறு. நாம் வந்த சாலையும் அதுவும் ஒரே திசைச் சரிவில் கிடக்கின்றன. நடுவில் வயல்களில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, மனை பிரித்திருப்பதையும் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்போம். யாரும் கட்டுரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

இதே மணிமங்கலத்தில்தான் ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியோடு போரிட்டு வென்றான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. 

ஒரகடம் பகுதியில் சாலை அகலமாகிவிடும், கன்டெய்னர் லாரிகளும் வரும். இங்கே ரசிக்க அதிகம் இல்லை, கவனமாகக் கடந்துவிட வேண்டும். ஆனால் 1950களில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய என்ஃபீல்டு, 2013இல் புதிய ஆலையைத் திறந்தது இந்த ஒரகடத்தில்தான். உலகம் முழுக்கப் போகிற வண்டிகள் நம் ஏரிகளுக்கு நடுவே உருவாகின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்காக, இந்தச் சுற்றுக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் நிற்கிற 100 சி.சி. வண்டி தாராளமாகப் போதும். குறுகலான கரையில் வழி தவறித் திருப்ப வேண்டி வந்தால் கனம் குறைந்த வண்டிதான் கைக்கு அடங்கும். டயரில் காற்று, செயின் தளர்ச்சி, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்ற மூன்றையும் முதல் நாள் மாலையே பார்த்துவிட்டால் மனம் நிம்மதி.

ஓட்டுகிற வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. 40இல் 11 மீட்டர். அந்த ஆறு மீட்டர் வித்தியாசத்துக்குள்தான் கிராமத்துச் சாலையின் எல்லா ஆபத்தும் அடங்கியிருக்கிறது. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. சாலையில் காயப்போட்ட நெல், உளுந்து; அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பக்கம் முளை அடித்து, மறுபக்கம் மேய்கிற மாடு. நடுவே தரையோடு கிடக்கிற கயிறு, மாடு தலையைத் தூக்கினால் சட்டென்று விறைத்து எழும். ஆட்டு மந்தையில் ஓர் ஆடு தாண்டினால் மீதியும் தாண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே பார்ப்பதுதான் வித்தை. கை அனிச்சையாக வேலை செய்யும், கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் விடுவோம். அதைத் தாண்டியிருக்கிற நல்ல தார்மேல் கண்ணை வைக்கப் பழக வேண்டும். வளைவில் நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது. நுழையுமுன்பே கியரைக் குறைத்து, சீராக இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நான் சொல்வது 40, மிஞ்சினால் 50.

இந்த வித்தையில் மேதைகளைப் பார்க்க வேண்டுமா? காலையில் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிற பால்காரரின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போங்கள். ததும்புகிற சுமையோடு, உடைந்த சிறுபாலத்தை எந்த ஓரமாக ஏறுகிறார், எங்கே கிளட்சைப் பிடிக்கிறார், எந்த வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிறார் என்று கவனியுங்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்டும் கையுறையும் தராத பாடம் அது. ஹெல்மெட்டை மட்டும் அவரைப் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள்.

தனியாகப் போவது ஏன் என்று கேட்பார்கள். நண்பர்களோடு கூட்டமாகப் போவதில் சந்தோஷம் இருக்கிறது, வண்டி நின்றால் துணையும் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஓட்டுகிறவர் பார்ப்பது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை. பத்துப் பேர் ஒரு மதகைப் பார்க்க நிற்க மாட்டார்கள். ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்கு நேரமாகும். தனியாகப் போகிறவர் யாரிடமும் கேட்காமல் நிற்கலாம். இந்தக் கலையில் தேர்ச்சியை அளக்க எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல் எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாக வந்தவரிடம் ஊர் பேசும் என்பது இன்னொன்று. செல்போன் வரைபடம் எப்போதும் பெரிய சாலைக்கே இழுக்கும். அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீக்கடையில் கேளுங்கள். “இப்படியே கரை மேலயே போ தம்பி, கலங்கல் தாண்டி பீச்சாங்கை பக்கம் ஒரு ரோடு பிரியும், அதுல வுழுந்தா நேரா உத்திரமேரூர்தான்” என்று பெஞ்சில் இருக்கிற பெரியவர் சொல்வார். ஏரியை வைத்தே வழி சொல்கிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழையசீவரத்தில் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம்; வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆற்றங்கரை வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு நடந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், ஒரு அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே அரை மணி நேரமாவது உட்காராமல் போகிறவர் ஏன் வந்தார் என்றே எனக்குப் புரியாது. இங்கிருந்து தெற்கே போகும்போது கல்குவாரி லாரிகளிடம் எச்சரிக்கை வேண்டும். அவை கிளப்பும் புழுதியில் எதிரே வருவது தெரியாது. ஓரம் கட்டி, புழுதி அடங்கிய பிறகு கிளம்புவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருப்பது முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தல் முறை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காலையிலிருந்து ஏரி ஏரியாக வந்தவருக்கு அதில் வேறொன்று கண்ணில் படும். அந்தச் சபை தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு உறுப்பினர்கள். தூர்வாருவதும் கரையைக் காப்பதும் ஊர்ச் சபையின் தலையாய வேலையாக இருந்தது. பல்லவர் காலத்தில் வெட்டிய வைரமேகத் தடாகம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வெட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கரைக்குப் போக ஐந்து நிமிடம் போதும்.

இந்தச் சுகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து டீ குடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெண் தனியாக வண்டியை நிறுத்தி அதையே செய்தால் பத்துக் கண் பார்க்கும், நாலு கேள்வி வரும். இருந்தும் இந்தச் சாலைகளில் தனியாக வருகிற பெண்களை இப்போது பார்க்கிறேன். டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டியது நம் வேலை.

கடைசி நிறுத்தம் வேடந்தாங்கல். துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்கள்மீது ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022இல் இந்தப் பறவைகள் சரணாலயம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சைலன்சரை மாற்றி உறும வைத்த வண்டிகள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். ஊருக்குள் நுழையும்போது ஹாரனையும் மறந்துவிடுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூட்டமாக இருக்கும், ஏரிகளில் தண்ணீரும் இருக்கும், தை பிறந்தால் வயல்களில் நவரை நாற்றும் பச்சை கட்டும். சித்திரை வெயிலில் இந்தச் சுற்றுக்குக் கிளம்பாதீர்கள். கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால் சுற்றுவது மேற்கேதான், அதில் இன்னொரு வசதி: காலையில் தென்மேற்காகப் போகும்போதும் மாலையில் வடகிழக்காகத் திரும்பும்போதும் சூரியன் கண்ணில் குத்தாது. இரை தேடப் போன பறவைகள் திரும்புவது மாலையில். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஆனால் விளக்கில்லாமல் நிற்கிற டிராக்டர் டிரெய்லர்களுக்கு நடுவே கிராமத்துச் சாலையில் இருட்டில் ஓட்டவும் கூடாது. அதனால்தான் வேடந்தாங்கலைக் கடைசியில் வைத்தேன். ஐந்தரைக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே படாளம் கூட்டுச்சாலை வந்துவிடும். அங்கிருந்து நடுத்திட்டு போட்ட ஜி.எஸ்.டி. சாலையில் இடது ஓரமாகவே வந்தால், எட்டு மணிக்குள் தாம்பரம்.