திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற விராலிமலைக்காரன் நான். போய்ச் சேர்ந்ததோ, தீப்பெட்டியைக் கண்டாலே அலறுகிற எண்ணெய்க் கப்பல்! "கடலே இல்லாத ஊரிலிருந்து கப்பலுக்கா?" என்று அன்று சிரித்தவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கப்பலில் கற்ற முதல் பாடம், நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து என்பது. எண்ணெயை இறக்கிய பிறகும் ஆவி தங்கியிருக்கும். காற்றில் அது சுமார் 1 முதல் 10 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் மந்த வாயுவைச் செலுத்தி, உள்ளே ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம்.

வாயுவை அளக்கக் கருவி உண்டு. நாம் சொன்னது அடுத்தவருக்குப் புரிந்ததா என்று அளக்கக் கருவி கிடையாது.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' கப்பல். சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே பஞ்சுப் பொதிகள். வெடிபொருள் இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. மதியம் பஞ்சில் தீப்பிடித்தது. மாலை 4.06க்குக் கப்பல் வெடித்தது. தீயணைக்கப் போன வீரர்களில் மட்டும் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் இன்றும் ஏப்ரல் 14-இல் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது.

என் கதைக்கு வருகிறேன். நான் தலைமை அதிகாரியாக இருந்த கப்பலில் ஒரு நாள், மேல்தளக் குழாயில் பழுது. மூன்றாம் தொட்டியில் ஆவி நீக்கம் முடியவில்லை. "நம்பர் த்ரீ நாட் ஃபினிஷ்ட்" என்று ஃபிட்டரிடம் சொன்னேன். "ஓகே சார்" என்றார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாம் தொட்டிக்கு மேலேயே கிரைண்டரோடு உட்கார்ந்திருக்கிறார்! "நிறுத்துய்யா!" என்று தமிழில் கத்தினேன்.

"முடிஞ்சதுன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார் பாவம். பம்ப் இரைச்சலில் 'நாட்' அவர் காதில் விழவே இல்லை.

அவர் ராமநாதபுரத்துக்காரர். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். அதிகாரி என்கிற மிடுக்கில் இங்கிலீஷில் சொன்னவன் நான். தப்பு அவருடையதல்ல, என்னுடையது. அன்றிலிருந்து, "நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்காமல் யாரையும் வேலைக்கு அனுப்பியதில்லை.

மாணவர்களே, நாளைக்கு நீங்கள் ஆலைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். "ஓகே" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். அன்று அரை நிமிஷம் தாமதித்து வந்திருந்தால், இன்று உங்கள் முன்னால் நான் நின்றிருக்க மாட்டேன்.