காடா துணியில் ஒத்திகை

சென்னை தரமணியில் 1995 முதல் நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒரு புது உடுப்பை முதலில் தைத்துப் பார்ப்பது காடா துணியில். சாயம் ஏறாத, விலை மலிந்த துணி. அதைப் பொம்மைக்கு மாட்டி, தோள் இறங்குகிறதா, அக்குள் பிடிக்கிறதா என்று பார்த்து, பிரித்து, திருத்தி, அப்புறம்தான் நல்ல துணியில் கத்தரி வைப்பார்கள். நம்ம தெரு தையல்காரர் அந்த ஒத்திகையைத் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி நம்ம பட்டிலேயே பார்த்துவிடுவார். அது வேற கதை!

துணி எடுக்க, தரமணியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் கோடவுன் தெரு. மொத்த வியாபாரம், அரை மீட்டர் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அலைந்த பசிக்குப் பக்கத்திலேயே பர்மா பஜார் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த தீனி அது. நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை, கூடவே வாழைத்தண்டு சூப்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.