கையெழுத்துக்கு முன் கணக்குக் காட்டுக!

(கிளிநொச்சியில் பெற்றோர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



விதைநெல் வாங்கும்போது இனம் எது, முளைதிறன் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். ஒரு போகத்து விளைச்சலுக்கே இத்தனை விசாரணை! ஆனால் மகளின் நான்கு ஆண்டுகளையும் அவள் தலைமேல் ஏறும் கடனையும் ஒரு கல்லூரியிடம் ஒப்படைக்கையில், விளம்பரத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடலாமா?

உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாத பிள்ளைகளுக்கென 2017ஆம் ஆண்டு வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. தெரிவு செய்யப்பட்ட அரசு சாராத நிறுவனங்களில் பயிலலாம். வட்டியை அரசு ஏற்கும்; முதலை மாணவரே திருப்பிச் செலுத்த வேண்டும். திட்டத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் கட்டணம் கல்லூரியைச் சேர்கிறது. கடன் பிள்ளையோடு தங்குகிறது. நுண்கடனால் நொந்த வீடுகள் வன்னியில் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் வர்த்தமானியில் அங்கீகரிக்கப்பட்டதா? கம்பனிப் பதிவு பட்டத்துக்கு அங்கீகாரமாகாது. இறுதிவரை மொத்தச் செலவு எவ்வளவு? சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர்? எத்தனை பேருக்கு அத்துறையில் வேலை கிடைத்தது? இடையில் விலகினால் கட்டணம் திரும்புமா?

கேட்பது பிச்சையன்று, உரிமை! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம், எழுத்துச் சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். குடிமக்கள் எவரும் காரணம் கூறாமலே தகவல் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

ஆனால் ஒவ்வொரு விவசாயியும் விண்ணப்பம் எழுதித்தான் உண்மையை அறிய வேண்டுமா? அமெரிக்காவில், மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்திற் பங்குகொள்ளும் கல்லூரிகள் பட்டம் முடித்தோர் விகிதத்தைத் தாமே வெளியிட வேண்டும் என்று 1990இலேயே சட்டமியற்றினர். அரசின் பணம் நுழையும் வாயிலில் உண்மையும் நுழைய வேண்டும் என்பதே அதன் நியாயம்.

நமது கோரிக்கையும் அதுவே. கடன் திட்டத்திற் சேரும் ஒவ்வொரு நிறுவனமும் இவ்வைந்துக்கும் விடையை ஒரே தாளில், தமிழில், கையெழுத்துக்கு முன் தரவேண்டும். தராத நிறுவனத்துக்குத் திட்டத்தில் இடமிருத்தலாகாது. அந்தச் சட்டம் வரும்வரை, விடை தராத கல்லூரியின் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள்.