மருத்துவரின் சீட்டும் மூக்குக் கண்ணாடிக் கடையும்



திருத்தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக அமைந்த அப்படிகளில் காவடி சுமந்து ஏறுகிறவர்களைக் காண்பது கண்ணுக்கு விருந்து. இறங்குகிறவர்களைச் சற்றே நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். அறுபதைக் கடந்தவர்களுள் பலர் ஒவ்வொரு படியின் விளிம்பையும் காலால் துழாவித் துழாவி இறங்குவர். முழங்கால் வலி என்று உடன் வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். முழங்கால் வலியாகவும் இருக்கலாம். படியே சரியாகத் தெரியாமையாகவும் இருக்கலாம். பிந்தையதாயின் அதற்கு மருந்து, பெரும்பாலும், ஒரு மூக்குக் கண்ணாடிதான்.

அறக்கட்டளை ஒன்று கண் மருத்துவமனை நடத்த முன்வரும்போது, இந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் முதல் தயக்கம் எழுகிறது. மருத்துவமனைக்குள்ளேயே கண்ணாடிக் கடை வைப்பது முறையா? வைத்தால் நோயாளியை அக்கடைக்கு அழைப்பது தொண்டா, வியாபாரமா?

தயக்கத்திற்குக் காரணம் உண்டு. அரிசி வாங்குபவர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்க்கிறார். சேலை வாங்குபவர் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். கண்ணாடி வாங்குபவருக்கு அந்த உரிமை பாதிதான். சட்டம் அழகாக இருக்கிறதா என்பதை அவர் சொல்லலாம். அந்தக் கண்ணாடி தமக்குத் தேவையா என்பதைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். தேவை என்று சொல்பவரும் விற்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், இல்லாத தேவை ஒன்று முளைப்பதற்கு நெடுநேரம் ஆகாது. கால் அளவு கூடப் பவர் மாறாதவரிடம் ‘மாற்றியே ஆக வேண்டும்’ என்றால், அவர் எதைக்கொண்டு மறுப்பார்?

இல்லறத்தாருக்குரிய கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. திருடனைத் தூண்டுவதும் திருட்டுப் பொருளை வாங்குவதும் இருக்கும் அதே வரிசையில்தான், வாங்க ஓர் அளவும் விற்க ஓர் அளவும் வைத்துக்கொள்வதும், ஒன்றைப் போன்ற வேறொன்றைக் கலந்து விற்பதும் வைக்கப்பட்டிருக்கின்றன. படிக்கல்லைப் பற்றிச் சொன்னது பவருக்கும் பொருந்தும். வேண்டாத வில்லையை வேண்டும் என்பதும் அளவில் செய்யும் பொய்யே.

அப்படியானால் கடையே வேண்டாம், சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தூயவர்கள் சிலர் சொல்லக்கூடும். கேட்க உயர்வாக இருக்கும் இவ்வழியில் ஏழையின் நிலை என்னவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. தொலைவில் வரும் பேருந்தின் பலகையைப் படித்துவிடுவார். தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடியத்தான் தடுமாறுகிறார். இந்நிலையைத் தமிழ் வெள்ளெழுத்து என்று அழகாகச் சொல்கிறது. ஆனால் எழுத்தே அறியாதவரையும் வெள்ளெழுத்து விடுவதில்லை. ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுத் திருத்தணிக்கு வந்து, வரிசையில் நின்று, சோதித்துக்கொண்டு, சீட்டுடன் வெளியே வருகிறார். கடை வேறிடம்; விலை தெரியாது; கண்ணாடி தயாராக நான்கு நாள் என்பார்கள்; அதை வாங்க இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும். சீட்டு சட்டைப் பைக்குள் போகிறது. அடுத்த வெளுப்பில் அது கரைந்தும் போகிறது. மருத்துவமனைக் கணக்கில் அவர் ‘சிகிச்சை பெற்றவர்’. தறியின் முன்னே அவர் முன்போலவே இழையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த இழப்பு எத்தகையது என்பதற்கு அளந்து பார்த்த சான்று ஒன்று உண்டு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு அருகிலுள்ளதைப் பார்ப்பதற்கான எளிய கண்ணாடி உடனே கொடுக்கப்பட்டது. மறுபாதியினருக்கு ஆய்வு முடிந்தபின் கொடுக்கப்பட்டது. கண்ணாடி பெற்றவர்கள் பறிக்கும் இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட, ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிக்கும் கைக்கே இவ்வளவு வேறுபாடு என்றால், நூலிழை பிடிக்கும் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே கடை வைக்காமல் விலகி நிற்பதும் குற்றமற்ற வழியன்று.

இவ்விரு குற்றங்களுக்கும் நடுவே வழி கண்டவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவைப் பயின்று, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவையால் அது பெற்ற புகழை எல்லாரும் அறிவர். கண்ணாடி விஷயத்தில் அவர்கள் கைக்கொண்ட முறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டியது அதுவே.

ஊர்களில் முகாம் நடத்தியபோது, சீட்டு மட்டும் பெற்றவர்களுள் பலர் கண்ணாடி வாங்காமலே விட்டுவிடுவதை அவர்கள் கண்டார்கள். ஆகவே முகாமுக்குச் செல்லும் குழுவோடு சட்டங்களையும் வில்லைகளையும், வில்லையைச் சட்டத்திற்கேற்ப அறுத்துப் பொருத்தும் கருவியையும், அவ்வேலை அறிந்தவர்களையும் அனுப்பினார்கள். காலையில் சோதித்துக்கொண்டவர், பெரும்பாலும் மாலைக்குள் கண்ணாடியோடு வீடு திரும்பினார். விலை எளியவர் தரக்கூடியதாக இருந்தது. பிற்காலத்தில் சிற்றூர்களில் அமைத்த பார்வை மையங்களிலும் இதே ஏற்பாடுதான். பயிற்சி பெற்ற பணிப்பெண் ஒருவர் கண்ணைச் சோதிக்கிறார். பெரிய மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் தொலைத்தொடர்பு வழியே நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடி அங்கேயே கிடைக்கிறது. அதன் வருவாய் மையத்தின் செலவைத் தாங்கவும் துணைசெய்கிறது. கண்ணாடி விற்ற பணத்தில் மையம் நடக்கிறது என்று சொல்ல அவர்கள் கூசவில்லை; கூச வேண்டியதும் இல்லை. 2019 முதல் திருப்பதியிலும் அவர்களுடைய மருத்துவமனை இயங்குவதால், திருத்தணி மக்களுக்கு இம்முறை அயலானதன்று.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று. அரவிந்த் மருத்துவர்கள் மாதச் சம்பளம் பெறுகிறவர்கள். எழுதும் சீட்டுக்கும் வாங்கும் சம்பளத்திற்கும் இடையே கயிறு கட்டப்படவில்லை. அக்கயிறு கட்டப்பட்ட இடத்தில், சுவரில் எத்தனை நீதிவாக்கியங்களை எழுதி மாட்டினாலும் பயன் சிறிதே. ‘இம்மாதம் இத்தனை கண்ணாடி விற்க வேண்டும்’ என்று சோதனை அறைக்குள் ஓர் இலக்கு நுழைந்துவிட்டால், நல்லவரும் கால் பவரை அரைப் பவராகக் காணத் தொடங்குவார்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த நன்னடத்தை விதிகள், மருத்துவர் பொதுக்கடை நடத்தி மருத்துவச் சாதனங்கள் விற்பதைத் தடுக்கின்றன. தம்மிடம் வரும் நோயாளிக்குத் தேவையானதை வழங்குவதை, நோயாளி சுரண்டப்படாத வரையில், குற்றமென்று கொள்ளவில்லை. நோயாளியை அனுப்பியதற்காகத் தரகு பெறுவதையும் கொடுப்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. 2023இல் வந்த புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டமையால் பழையவையே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவில் இன்னும் தெளிவான கட்டளை 1978 முதல் உண்டு: சோதனை முடிந்ததும், நோயாளி கேட்காமலே, தனிக் கட்டணம் இல்லாமல், சீட்டின் படியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், எங்களிடம் கண்ணாடி வாங்கினால்தான் சோதிப்போம் என்று சொல்லக் கூடாது.

சீட்டு முதலில், கடை பிறகு. இந்த வரிசை மாறினால் மற்ற நல்ல ஏற்பாடுகள் எல்லாம் வீண். மருத்துவர் சீட்டை நோயாளியின் கையில் கொடுத்து, ‘இதை எங்கு வேண்டுமானாலும் கொடுத்துச் செய்துகொள்ளலாம், கீழே நம் கடையும் இருக்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லலாம். இரு கண்மணிகளுக்கு இடையேயுள்ள தொலைவையும் அதில் எழுதிவிடுவது பெருந்தன்மை. அது இல்லாவிட்டால் வேறு கடைக்காரர் மீண்டும் அளக்க வேண்டும். எழுதாமல் விட்டு நோயாளியைப் பிடித்து வைப்பது சிறு தந்திரம்.

விலைப் பலகையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த விலைச் சட்டம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டவர் கூனிக் குறுகும்படி அலமாரியின் அடித்தட்டில் இருக்கக் கூடாது. பலகை தமிழிலும் தெலுங்கிலும் இருப்பது இவ்வூருக்குக் கட்டாயம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் இங்கு வருகிறவர்களின் நாக்கு மாறவில்லை.

இன்னொன்று, பலரும் எண்ணாதது. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும், வெளிச்சம் கூசும். அந்நிலையிலுள்ளவரைக் கண்ணாடிக்கு முன் நிறுத்திச் சட்டம் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், சிறு எழுத்து ரசீதில் கையொப்பம் கேட்பதும் நேர்மையாகா. மருந்து விடுவதற்கு முன்பே சட்டத்தைப் பார்க்கச் செய்யலாம். அல்லது வீட்டார் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் அந்தப் படிகளுக்கு வருவோம். மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி படிப்புக்குமாக அமைந்த கண்ணாடியை அணிந்து படியிறங்குபவர், குனிந்து நோக்கும்போது கீழ்ப்பகுதி வழியாகவே படியைக் காண்கிறார். அருகிலுள்ள எழுத்துக்கென அமைந்த அப்பகுதியில் கீழே இருக்கும் படி மங்குகிறது. முதியோர் தடுக்கி விழுவதற்கு இது ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். விலை மிகுந்த பலநோக்கு வில்லையிலும் இத்தொல்லை உண்டு. மலையேறும் வழக்கமுள்ள முதியவரிடம் கடைக்காரர் இதைச் சொன்னால், அவர் அந்த விலையுயர்ந்த வில்லையை விட்டுவிட்டு, நடப்பதற்கு ஒன்றும் படிப்பதற்கு ஒன்றுமாக எளிய கண்ணாடிகளைக் கேட்கக்கூடும். அன்றைய வரவு குறையும். குறையட்டும். அவர் விழாமல் ஊர் திரும்புகிறார். அடுத்த கிருத்திகைக்குத் தம் தமக்கையை அழைத்து வருவார்.

எதை எண்ணிக் கணக்கெழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். எத்தனை பேர் நம் கடையில் வாங்கினர் என்ற கணக்கு கடைக்கு வேண்டும். சீட்டுப் பெற்றவருள் எத்தனை பேர் எங்கேனும் வாங்கி அணிகின்றனர் என்ற கணக்கு மருத்துவமனைக்கு வேண்டும். பத்து நாள் கழித்து ஒரு தொலைபேசி: ‘கண்ணாடி போட்டுக்கொண்டீர்களா, ஐயா? தெளிவாகத் தெரிகிறதா?’ எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வி அதில் வேண்டியதில்லை. வாங்கவில்லை என்பவரிடம் பணமா, நேரமா, கூச்சமா, காரணம் எது என்று கேட்கலாம். மணமாகாத பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் வரன் தட்டும் என்று அஞ்சும் தாய்மார் இன்றும் உளர்; அவர்களுக்கு விலைத் தள்ளுபடியால் ஒன்றும் ஆகாது, பக்கத்தில் அமர்ந்து பேசும் ஒருவர் தேவை.

கடைசியாக, கடையின் ஒரு மூலையில் சிறு மேசை. அதன்மேல் திருப்புளி, மூக்குத் தாங்கிகள், துடைக்கத் துணி, வில்லையின் பவரை அளக்கும் கருவி. யார், எங்கே வாங்கிய கண்ணாடியைக் கொண்டுவந்தாலும் அளந்து பார்த்து, சீட்டிலுள்ளபடி இருந்தால் ‘சரியாகவே செய்திருக்கிறார்கள்’ என்று சொல்லி அனுப்பலாம். தளர்ந்த திருகைக் கட்டணமின்றி முடுக்கிக் கொடுக்கலாம். இங்கே செய்த கண்ணாடியில் பிழை என்றால், பேச்சின்றி வேறு செய்து தரலாம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காது தாங்கி ஒடிந்து, கைக்குட்டையில் முடிந்து எடுத்துவரும் கண்ணாடிகள் எத்தனையோ இருக்கும். அந்த விழா நாள்களில் மேசையை வாசலுக்கே கொண்டுவந்து போட்டுவிடலாம்.