ஹெயிட்டியில் கொலரா: போனதும் திரும்பியதும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கோதாரி' என்ற சொல்லை இந்தக் கல்லூரி வளவுக்குள் நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்போம்! மணி அடிக்கும் நேரத்தில் சப்பாத்து வார் அறுந்தால் கோதாரி. கணக்குக்கு விடை வராவிட்டால் கோதாரி. ஆசிரியையின் காதில் விழுந்தால் ஏச்சுத்தான். அது கொள்ளைநோயை, அதிலும் வாந்திபேதியைக் குறிக்கும் சொல் என்பதை மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் எங்களில் பலர் அறிந்தோம். நோயை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்திருக்கும் அளவுக்கு எங்கள் தலைமுறை கொடுத்துவைத்தது.

அந்த நோயை ஒரு தீவு நாடு எப்படி விரட்டியது, பிறகு எப்படி இழந்தது என்பதையே இன்று சொல்லப் போகிறோம். கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. அதன் மேற்குப் பகுதி ஹெயிட்டி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. 2010 ஜனவரியில் ஹெயிட்டியைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கொலரா வந்தது. நூறு ஆண்டுகளாக அங்கே கொலரா இருந்ததற்குப் பதிவே இல்லை. அதனால் மக்களின் உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை, வைத்தியர்களுக்கு அனுபவமும் இல்லை.

பூமியதிர்ச்சியால் வந்த நோய் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் முதல் நோயாளிகள் இடிந்துபோன தலைநகரில் இருக்கவில்லை. உள்நாட்டில், மிர்பலே என்ற ஊருக்கு அருகே, ஆற்றங்கரையில் இருந்தார்கள். அந்த ஆற்றின் மேற்புறத்தில் ஐ.நா. அமைதிகாக்கும் படையின் நேபாள முகாம் ஒன்று இருந்தது. முகாமின் மலக்கழிவு ஆற்றில் கலந்து, அங்கிருந்து ஆர்ட்டிபொனிட் என்ற பெரிய ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்று நீரைத்தான் சனங்கள் குடித்தார்கள், அதில்தான் குளித்தார்கள், அதைத்தான் நெல்வயலுக்குப் பாய்ச்சினார்கள். ரெனோ பியாரு என்ற பிரெஞ்சு வைத்தியர் நவம்பரில் அங்கே போய், நோயாளிகளின் ஊர்களையும் திகதிகளையும் ஒழுங்காக வைத்துப் பார்த்தபோது கதை தெளிவாகிவிட்டது. பின்னர் கிருமியின் மரபணுவும் நேபாளக் கிருமியோடு பொருந்தியது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கொலராக் கிருமி தொற்றிய பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தன் குடலில் அது இருப்பது எந்தச் சிப்பாய்க்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. பிழை அவனுடையதல்ல, கழிவை ஆற்றில் விட்ட ஏற்பாட்டினுடையது. அந்த ஐ.நா. படையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் பணிசெய்திருக்கிறார்கள். விமானம் ஏறிய முகாம் வேறாக இருந்திருந்தால் இந்தக் கதையில் வேறொரு நாட்டின் பெயர் வந்திருக்கும்.

ஐ.நா. ஆண்டுக்கணக்கில் பொறுப்பை ஏற்க மறுத்தது. 2013 இல் நட்டஈட்டுக் கோரிக்கையையும் தள்ளிவிட்டது. 2016 டிசெம்பரில்தான் செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பழிபோடுவதற்காக அல்ல. குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாமல் அதை அடைக்க முடியாது. வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்களுக்கும் அது சுடும். விடுதியில் ஒரு தொற்று பரவினால் முதலில் நாங்கள் தேடுவது காரணத்தை அல்ல, யார் தலையில் விழும் என்பதைத்தான்.

நோய் எப்படிக் கொல்கிறது? அரிசி கழுவிய தண்ணீர்போலப் பேதி போகும். கடுமையானவருக்கு மணிக்கு ஒரு லீற்றர்வரை போகலாம். காலையில் நடமாடியவர் மாலையில் இல்லை. அதனால் கொலரா விடுதிக் கட்டிலின் நடுவில் ஓர் ஓட்டை. அதன் கீழ் ஒரு வாளி. வாளியை அளந்து, போன அளவு நீரைத் திருப்பிக் கொடுப்பதே வைத்தியம். வாந்தி நிற்காதவருக்கும் மயங்கியவருக்கும் சேலைன். மற்றவர்களுக்கு நமது ஜீவனி போன்ற கரைசல் போதும். குடலில் சீனி உப்பைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பைக்கற்று இல்லாத வீட்டில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மனையியல் பாடத்தில் எழுதிக்கொண்டதுதான். எழுதிய கொப்பி எங்கே என்பது வேறு விடயம். நேரத்துக்குக் கொடுத்தால் நூறு பேரில் ஒருவரைக்கூட இழக்கத் தேவையில்லை. ஆனாலும் ஹெயிட்டியில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்தது. பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். எல்லைக்கு அப்பால், அதே தீவில், டொமினிக்கன் குடியரசில் இறந்தவர்கள் சில நூறு பேர். கிருமி ஒன்றுதான், தண்ணீரும் மலசலகூடமும் ஒன்றல்ல. ஹெயிட்டியில் அப்போது ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான மலசலகூடம் இருக்கவில்லை.

வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றினார்கள். நோயை ஒழித்தது வைத்தியசாலை அல்ல. 2012 இல் சுமார் ஓர் இலட்சம் பேருக்கு வாய்வழித் தடுப்புமருந்து கொடுக்க முயன்றபோது, இந்த ஏழைகள் இரண்டாவது தரம் வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். 2013 முதல், யுனிசெவ் உதவியோடு, சிறு நடமாடும் குழுக்கள் வேலை தொடங்கின. ஒரு நோயாளி பதிவானால் இரண்டு நாளுக்குள் அவருடைய வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் குளோரின் குளிசை, சவர்க்காரம், கரைசல் பைக்கற்று. தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஒருவர் நின்று, நிரம்பும் ஒவ்வொரு வாளிக்கும் குளோரினை அளந்து விடுவார். பேர் வாங்கித் தரும் வேலை அல்ல இது. சேற்றுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போய், ஒரே பேச்சை நாற்பது வீட்டில் பேசுவது. 2016 இல் மத்தியூ சூறாவளி வந்து பாதி வேலையைக் கெடுத்தது, மறுபடி தொடங்கினார்கள்.

2019 ஜனவரிக் கடைசியில், ஆர்ட்டிபொனிட் மாகாணத்தில் லெஸ்தேர் என்ற ஊரில், ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு பையனுக்கு நோய் உறுதியானது. அவனுக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவரும் இல்லை. அந்த அமைதியை நம்பிவிடாமல், பேதி வந்தவர்களின் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு எங்கள் வணக்கம்.

2022 செப்டெம்பரில் ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பிரதான எரிபொருள் முனையத்தை மறித்தன. எரிபொருள் இல்லாமல் தண்ணீர் விநியோகம் நின்றது, குப்பை அள்ளுவது நின்றது, வைத்தியசாலைகள் மூடின. ஒக்டோபர் 2 ஆம் திகதி கொலரா மறுபடி உறுதியானது. அதே ஆண்டு எரிபொருள் வரிசையில் இரவிரவாக நின்ற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வந்த கிருமி 2010 இல் வந்ததற்கு மிக நெருங்கிய உறவு என்று மரபணு சொன்னது.

இங்கே வெள்ளம் வடிந்த பிறகு பி.எச்.ஐ. கிணற்றுக்குக் குளோரின் போட வருவார். "மணக்குது, தேத்தண்ணி குடிக்கேலாது, அடுத்த வீட்டுக்குப் போடுங்கோ" என்று படலையிலேயே திருப்பி அனுப்புகிறவர்களில் வைத்தியர்கள் வீடும் உண்டு. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறார்கள். இந்தக் கல்லூரி மணிக்கு இன்னும் பயம் போகவில்லை.